சீதனக் கப்பல்

எண்பதுகளின் பிற்பகுதியில் மட்டக்களப்புப் பக்கம் பிள்ளைகளாக இருந்தவர்களுக்குக் கார்ட்டூன் என்றால் அது சிங்களத்தில்தான் பேசும். 1982 பெப்ரவரியில் யப்பானிய உதவியோடு தொடங்கிய ரூபவாஹினித் தொலைக்காட்சியில், டைட்டஸ் தொட்டவத்த என்ற கலைஞர் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுக்க வைத்தார். அமெரிக்க முயலான பக்ஸ் பனி 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. விலங்குகளோடு பேசும் டொக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்தஹித' ஆனார். செட்டிபாளையத்தில் எங்கள் பெரியம்மா வீட்டு விறாந்தையில் குந்தியிருந்த எங்களில் ஒருவருக்கும் சிங்களம் தெரியாது. ஆனால் எங்களிடம் பெரியண்ணன் இருந்தார்.

பெரியப்பா அம்பாறையில் வேலை பார்த்தவர். பாடசாலை விடுமுறைக்கு அங்கே போய் வந்ததால் பெரியண்ணனுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு என்பது ஊரில் பரவியிருந்த செய்தி. யார் பரப்பினார்கள் என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. அவர் மொழிபெயர்ப்புக்குக் கூலியும் வாங்குவார்: ஆளுக்கு ஒரு சரை கச்சான் கடலை. கச்சான் கொண்டு வராதவன் கூரைக்குப் பக்கத்தில் நின்று அன்டனாக் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிதுருதலாகலை மலையிலிருந்து வரும் அலை எங்களுக்கு மேற்கிலிருந்து வந்தாக வேண்டும். அதே மேற்கிலிருந்துதான் கச்சான் காற்றும் வந்து அன்டனாவைத் திருப்பிவிடும். ஆகவே ஏதோ ஒரு வடிவில் கச்சானோடு சம்பந்தப்படாமல் யாரும் கார்ட்டூன் பார்த்ததில்லை. மின்சாரம் இல்லாத நாட்களில் கார் பற்றரியில் டீவி ஓடும். கதை சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்துப் படம் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைக் கோடாகி நின்றுவிடும்.

பெரியண்ணன் எங்களுக்குச் சொன்ன கதை இது. தொஸ்தருக்கு ஒரு தங்கச்சி. அவளைக் கட்டியவன்தான் கார்ட்டூனில் வருகிற கடற்கொள்ளைக்காரன். கலியாணம் பேசும்போது கப்பலைச் சீதனமாகத் தருவதாகச் சொல்லிவிட்டு, தாலி கட்டிய பிறகு தொஸ்தர் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்காமல் கடலில் ஓடித் திரிகிறார். மச்சான் விடாமல் துரத்துகிறான். மருந்துப் பைக்குள் இருந்து பாடுகிற வெட்டுக்கிளிகள், சீதனம் பேசிய அன்று கூட இருந்த சாட்சிகள். பாட்டை மட்டும் அவர் மொழிபெயர்க்க மாட்டார். பாட்டைப் பெயர்த்தால் மரியாதைக் குறைவு என்பார். வீட்டையும் வளவையும் பெண்பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தே பழகிய எங்கள் ஊரில் இந்தக் கதையைச் சந்தேகிக்க என்ன காரணம் இருக்கிறது? அடுக்களை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்கும் சின்னம்மாவும் ஒவ்வொரு நாளும் மச்சான் பக்கம்தான் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வா.

கடந்த வைகாசியில் கண்ணகியம்மன் குளிர்த்திச் சடங்குக்குக் குடும்பம் முழுவதும் ஊரில் கூடியிருந்தோம். கோயிலில் கண்ணகி வழக்குரை படித்துக்கொண்டிருக்க, எங்கள் விறாந்தையில் பழைய கார்ட்டூன்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. சுட்டி டீவியின் டோராவோடு வளர்ந்த இளசுகள், குள்ளநரியைத் திருடக்கூடாது என்று தமிழிலேயே தடுத்துப் பழகியவர்கள்; எங்கள் சீதனக் கப்பல் கதையைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். பெரியண்ணனின் மகள் உடனே கைப்பேசியில் தொஸ்தர ஹொந்தஹிதவைத் தேடி எடுத்துவிட்டாள். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பவள், படித்ததைப் பாவிக்க இடம் தேடிக்கொண்டிருந்தவள்.

பெரியண்ணன் தேத்தண்ணீர் குடிக்க உள்ளே போகப் பார்த்தார். மச்சான்மார் இருவர் அவருடைய கையைப் பிடித்து இருத்திவிட்டார்கள்.

மகள் இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கடற்கொள்ளைக்காரனுக்கு வேண்டியது விலங்குகளோடு பேசுகிற இரகசியம் மட்டும்தானாம். அதைக் கற்றுக்கொண்டால் உலகத்தையே பிடித்துவிடலாம் என்பது அவனுடைய கணக்காம். தங்கச்சி இல்லை. தாலி இல்லை. வெட்டுக்கிளிகள் வெறும் பாட்டுக்காரர்.

"அப்பா, நீங்க என்ன பாஷையில இருந்து மொழிபெயர்த்தீங்க?" என்று அவள் கேட்டதும் விறாந்தை அதிர்ந்தது. கனடாவில் இருந்து வந்திருந்த தம்பி, தான் கொடுத்த கச்சானுக்கு வட்டியோடு கணக்குப் போடத் தொடங்கினான். "அதில சொன்ன கதையைவிட நான் சொன்னது திறமா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்று பெரியண்ணன் வாதாடினார். உண்மையைச் சொல்வதானால் திறம்தான். உலகத்தைப் பிடிக்க நினைக்கும் வில்லன்கள் எல்லாக் கார்ட்டூனிலும் இருக்கிறார்கள், சீதனம் கேட்டுக் கடல் கடக்கும் வில்லனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இத்தனைக்கும் நடுவில், எண்பதைத் தாண்டிய சின்னம்மா வெற்றிலைத் தட்டத்தை அருகில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தா. காது கொஞ்சம் மந்தம். சிரிப்பு அடங்கிய பிறகு பெரியண்ணனைப் பார்த்துக் கேட்டா:

"அது கிடக்கட்டும் மனே, அந்தக் கப்பலைக் கடைசியில ஆருக்கு எழுதினது? அண்டைக்கும் பற்றரி முடிஞ்சு போச்சே."

பெரியண்ணன் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"தங்கச்சிக்குத்தான் சின்னம்மா. உறுதியும் முடிச்சாச்சு."