கடல் பஞ்சில் புற்றுநோய் மருந்து தேடிய அனுபவம்

முனைவர் பட்டத்துக்காகத் தூத்துக்குடிப் பக்கம் கடல் பஞ்சுகளை (கடலடியில் ஒட்டி வாழும் எளிய விலங்குகள்) சேகரித்து, புற்றுநோய் செல்லைக் கொல்லும் வேதிப்பொருள் ஏதாவது அவற்றில் இருக்கிறதா என்று தேடினேன். இதில் இறங்க நினைக்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்க முடியாது, அதனால் முதலில் மனு எழுதும் வேலைதான். பஞ்சு கைக்கு வந்ததும் படகிலேயே ஐஸில் போட்டுவிட வேண்டும். இனம் காண ஒரு துண்டைத் தனியே எடுத்து வையுங்கள், பின்னால் யார் கேட்டாலும் அதுதான் ஆதாரம். அப்புறம் நறுக்கி, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி வற்றவைத்தால் பிசுபிசுவென்று ஒரு சாறு மிஞ்சும், அதில் ஏகப்பட்ட உப்பு. எத்தில் அசிடேட்டும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினால் உப்பு தண்ணீரோடு கீழே போய்விடும்.

மிஞ்சிய சாற்றைப் புற்றுநோய் செல்கள் மீது போட்டு, செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் எம்டிடி சோதனையைச் செய்வோம். அதில் உயிருள்ள செல் ஊதாவாகும், செத்தது மஞ்சளாகவே நிற்கும். முதல்முறை தட்டில் மஞ்சளைப் பார்த்தபோது அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. ஆனால் நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்லும் வெறும் நஞ்சாகவும் அது இருக்கலாம், அதனால் புற்றுநோய் செல், நல்ல செல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தே ஆக வேண்டும்.

சாற்றிலுள்ள பொருள்களைச் சிலிக்காத் தூள் நிரப்பிய குழாயில் ஊற்றிப் பிரிக்கப் பிரிக்கப் பொருள் குறைந்துகொண்டே போய், கடைசியில் சில மில்லிகிராம்தான் தேறியது. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் எடுத்தால், ஏற்கெனவே பலர் எழுதிவிட்ட ஒரு ஸ்டீரால் (கொலஸ்ட்ரால் வகைப் பொருள்)! அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் என் வழிகாட்டி ஜப்பான் கணக்கைச் சொன்னார். 1986-இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் ஹிராட்டாவும் உவெமுராவும் 600 கிலோ கடல் பஞ்சிலிருந்து பெற்ற, புற்றுநோய் செல்லைக் கொல்லும் ஹாலிகோண்ட்ரின் பி வெறும் 12.5 மில்லிகிராம். 1992-இல் வேதியியலாளர் கிஷியின் குழுவினர் அதை ஆய்வகத்திலேயே முழுதாகக் கட்டிக் காட்டிய பிறகுதான் வழி பிறந்தது. அந்த மூலக்கூறின் ஒரு பாதியை ஒட்டி உருவான எரிபுலின் என்ற மருந்துக்கு 2010-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்தது. கடலை அள்ளி மருந்து செய்ய முடியாது, செய்யவும் கூடாது என்பது எனக்கு உறைத்தது அன்றுதான்.

டிராபெக்டெடின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து கரீபியன் கடலின் ஒரு கடற்பீச்சியில் (பை போன்ற உடலுள்ள கடல் விலங்கு) கிடைத்தது, ஆனால் அதன் மூலப்பொருளை இன்று பாக்டீரியாவை நொதிக்கவைத்துத்தான் எடுக்கிறார்கள். அதனால் நானும் இப்போது பஞ்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களைத் தட்டில் வளர்க்கப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் வளர மறுக்கின்றன, அவற்றுக்கான வளர்ப்பு ஊடகத்தைக் கடல்நீரில் தயாரித்தால் சில மட்டும் தலைகாட்டுகின்றன.