இரண்டடித் தொட்டியிலிருந்து நான்கடித் தொட்டிக்கு

ஏஞ்சல் மீன்கள் வளர்ந்து, இரண்டடித் தொட்டியில் திரும்பவே இடமில்லாமல் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கியதும் வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னை கொளத்தூரில் சொல்லி நான்கடித் தொட்டி ஒன்று வாங்கினேன். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. விளிம்புவரை நிரப்பினால் சுமார் 255 லிட்டர், பழையதில் 56தான். தண்ணீரின் எடை மட்டுமே கால் டன் என்பதால், ஹாலின் நடுவில் வைக்கும் ஆசையை விட்டுச் சுவரோரமாக ஸ்டாண்டைப் போட்டோம். கண்ணாடிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட்.

“ஒரு மாசம் சும்மா ஓட விடுங்க சார், அப்புறம் மீன் விடலாம்” என்றார் கடைக்காரர். கழிவைச் சமாளிக்கும் பாக்டீரியா வளர அவகாசம் வேண்டும் என்பதால், முதன்முதலாகத் தொட்டி வைப்பவருக்கு அது சரியான யோசனை. என் நிலைமை வேறு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். மீன்கள் அதேதான், தீனியும் அதே அளவுதான். தொட்டி பெரிதானதால் கழிவு அதிகமாகிவிடாது. ஆக, இருக்கிற பாக்டீரியாவை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். அதற்காகப் புது ஃபில்டரைச் சில வாரங்கள் முன்பே பழைய தொட்டியில் மாட்டி, பழைய ஃபில்டரோடு சேர்த்து ஓட விட்டிருந்தேன்.

பழைய தண்ணீரைக் குடம் குடமாகச் சுமக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அதில் பாக்டீரியா சொற்பம், நைட்ரேட்தான் ஏராளம். எனக்கிருந்த கவலை டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பற்றியது. ஆவியாகிக் குறைந்ததையெல்லாம் போர் தண்ணீரால் நிரப்பி வந்ததில் உப்பு சேர்ந்து, பழைய தொட்டியில் மீட்டர் 900-ஐத் தாண்டியிருந்தது. மெட்ரோ வாட்டர் கலந்த புதுத் தொட்டியில் அதில் பாதிதான். மீனைச் சட்டென்று அதில் விட்டால் உடம்பு தாங்காது. மெட்ரோ வாட்டரின் குளோரினுக்கு ஆன்டி குளோரின் போட்டாயிற்று. டிடிஎஸ் வித்தியாசத்துக்குப் பொறுமை ஒன்றுதான் மருந்து.

முந்தைய நாளே தீனியை நிறுத்தினேன். வயிறு காலியாக இருந்தால் பக்கெட்டில் காத்திருக்கும்போது தண்ணீர் அவ்வளவு கெடாது. லைட்டை அணைத்து, மரக்கட்டை, செடிகளை எடுத்துவிட்டு, தண்ணீரைக் கால்வாசிக்கு இறக்கிய பிறகுதான் பிடிக்கவே தொடங்கினேன். நிறைந்த தொட்டியில் வலையோடு துரத்துவது மீனுக்கும் நமக்கும் வீண் அலைச்சல். கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்திகளின் துடுப்பு முள் வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் அவற்றையும், நீளத் துடுப்புள்ள ஏஞ்சல்களையும் பிளாஸ்டிக் டப்பாவால் அள்ளினேன். நியான் டெட்ராக்களுக்கு மட்டும் வலை. (வளர்ந்த ஏஞ்சல் நியானை விழுங்கும் என்று எல்லாரும் எச்சரிப்பார்கள். உண்மைதான். என்னிடம் இருப்பவை ஏனோ இன்னும் சாதுவாக இருக்கின்றன.)

பக்கெட்டில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனைப் போட்டு, மேலே மூடி வைத்து, புதுத் தொட்டியிலிருந்து ஏர் டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறக்கினேன். டியூபில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டால் வேகம் கைக்குள் வரும். பக்கெட்டிலும் புதுத் தொட்டியிலும் மீட்டர் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும்வரை மாலை முழுக்க அது சொட்டியது. நடுவில் புது ஃபில்டரைப் புதுத் தொட்டிக்கு மாற்றும் வேலை மட்டும் மளமளவென்று நடந்தது. ஓடாமல் நின்றால் ஆக்ஸிஜன் இல்லாமல் பாக்டீரியா சாகத் தொடங்கும்; அதனால் ஸ்பாஞ்சைப் பிழியாமல், ஈரத்தோடு அப்படியே கொண்டுபோய் உடனே ஓட விட்டேன். பழைய கற்களைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, வலைப்பையில் கட்டி ஒரு மூலையில் வைத்தேன்.

கடைசியில் மீன்களை மட்டும் எடுத்துப் புதுத் தொட்டியில் விட்டேன், பக்கெட் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். முதல் வாரம் அரைத் தீனி, தினமும் அம்மோனியா டெஸ்ட். ஒருநாள் சோதனைக் குழாயில் அம்மோனியா இருப்பதைக் காட்டும் பச்சை லேசாகத் தெரிந்தது. கால்வாசித் தண்ணீரை மாற்றியதும் மஞ்சளுக்குத் திரும்பிவிட்டது. பழைய தொட்டியில் எஞ்சியிருந்த செர்ரி இறால்களை மட்டும் மாற்றவில்லை. அதில் தண்ணீரை ஏற்றி, பழைய ஃபில்டரோடு அவற்றை அங்கேயே விட்டுவைத்தேன். ஏஞ்சல் இருக்கும் தொட்டியில் இறாலை விடுவது தீனி போடுவதற்குச் சமம்.