ரங்கூன் மாடிவீட்டு வராண்டாவில் என்ன வளரும்

செடி வளர்க்க ஆசைப்படும் நம் ஆட்கள் முதலில் கேட்பது "தக்காளி வருமா?" என்றுதான். வரும், ஆனால் இந்தச் சித்திரை வெயிலில் அதை ஆரம்பிக்காதீர்கள். டவுனில் நாலாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் குடியிருக்கும் நமக்கு நிலம் இல்லாதது பெரிய குறையே இல்லை. மண் விலைக்குக் கிடைக்கும், வாளி எங்கேயும் கிடைக்கும், வெளிச்சம் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் விதை வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு லீவு நாளில் வீட்டிலேயே இருந்து, வராண்டாவுக்கு வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது, எந்த மூலையில் விழுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

டவுனில் பெயருக்குப் பதில் எண் வைத்த நம்பர் தெருக்கள் எல்லாம் வடக்கு தெற்காக ஓடுவதால் அங்கே உள்ள வீடுகள் கிழக்கே பார்க்கும், இல்லாவிட்டால் மேற்கே. கிழக்கு பார்த்த வீட்டுக்குக் காலை வெயில், செடிக்கு அதைவிட நல்லது வேறு இல்லை, ஆனால் தெரு குறுகலாக இருந்தால் எதிர்க் கட்டடம் மறைத்து, கீழ் மாடிக்காரர்களுக்கு அது தாமதமாக வந்து சீக்கிரமே போய்விடும். மேற்கு பார்த்தவர்களுக்குப் பிற்பகல் வெயில், பங்குனி சித்திரையில் சுவரே சுடும், தொட்டியை நிழலுக்கு நகர்த்த வேண்டியிருக்கும். அனோரட்டா சாலை, மகாபண்டூலா சாலை மாதிரி கிழக்கு மேற்காகப் போகும் சாலைகளில் தெற்கு பார்த்த வீடு அமைந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நடுப்பகலிலும் சுமார் 50 டிகிரி உயரத்திலேயே நிற்பதால், மேல் வீட்டுத் தளம் மறைக்காமல் வெயில் வராண்டாவுக்குள் புகுந்து வரும். மே தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், அப்போது வடக்கு பார்த்தவர்களின் முறை. ஆனால் அது மழைக்காலம், மேகம் விட்ட அளவுக்குத்தான் கிடைக்கும்.

மூன்று நான்கு மணி நேரம் வெயில் வந்தால் கீரை வரும். ஆறு மணி நேரமாவது வந்தால்தான் மிளகாய், தக்காளி, கத்திரி. இதை எந்த உரமும் மாற்றாது. முதல் முறை வளர்ப்பவர்களை நான் கீரைக்கே இழுப்பது இதனால்தான், நம் சமையலில் தினமும் தேவைப்படுவதும் அதுதானே.

வள்ளைக்கீரையிலிருந்து ஆரம்பியுங்கள், பஜாரில் கசுன் என்று கட்டுக்கட்டாக விற்பார்களே, அது. நுனியையும் இலையையும் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அடித்தண்டில் இரண்டு மூன்று கணு இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு நிறுத்தி வையுங்கள். சில நாளில் தண்ணீருக்குள் இருக்கும் கணுவில் வெள்ளைப் புள்ளிகள் வெடித்து, அதிலிருந்து நூல் நூலாக வேர் இறங்கும். வேர் ஒரு விரல் நீளம் ஆனதும் மண்ணில் ஊன்றிவிடலாம். தண்டை அடியோடு பிடுங்காமல் மேலாக வெட்டினால் பக்கத்தில் தளிர் விட்டுக்கொண்டே இருக்கும். புதினாவும் இதே முறைதான். கொடிப்பசலையும் தண்டிலிருந்தே வரும், மழையைக் கண்டால் கிராதியைப் பிடித்துக்கொண்டு ஏறும்.

எனக்கு மிகவும் பிடித்தது புளிச்சக்கீரை. சின்பாங் என்று பர்மியர்கள் சொல்லும் இந்தக் கீரை இல்லாத பர்மியச் சமையல் உண்டா? மூங்கில் குருத்தும் காய்ந்த இறாலும் பச்சை மிளகாயும் போட்டு அவர்கள் வதக்குவதும், நாம் கடைந்து சோற்றில் பிசைவதும் ஒரே கீரைதான். வைகாசியில் முதல் மழை இறங்கியதும் விதையைப் போடுங்கள், ஒன்றரை மாதத்தில் நுனி கிள்ளலாம், கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். பகல் நேரம் குறையும்போது பூக்கிற இனம் இது, அதனால் மழை முடிகிற சமயத்தில் இலை சிறுத்து மொட்டு வைக்கும். அதைப் பிடுங்கிப் போடாதீர்கள். பூ உதிர்ந்தபின் சிவப்பாகத் திரளும் புல்லியிதழில் நல்ல தொக்கு வரும்.

கொத்தமல்லியும் தக்காளியும் தீபாவளிக்குப் பிறகு. தக்காளி நாற்றை மட்டும் கொஞ்சம் முன்னாலேயே தயார் செய்துவிட்டால் குளிரில் பிஞ்சு பிடித்து, தைப்பூசத்தை ஒட்டிப் பழுக்கத் தொடங்கும். இரவிலும் புழுங்குகிற மாதங்களில் பூ காய் பிடிக்காமல் கொட்டிவிடும். இன்லே ஏரியில் மண் தரையே இல்லாமல், மூங்கில் கழி குத்தி நிறுத்திய மிதக்கும் பாத்திகளில் தக்காளி விளைவிக்கிறார்களே என்று கேட்பீர்கள். அந்த ஏரி ஷான் மலையில் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்தக் குளிர் ரங்கூனுக்கு வராது.

மண் விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 20 லிட்டர் பெயின்ட் வாளி நிறைய வெறும் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் 30 கிலோவைத் தாண்டும். நம் கட்டடங்களில் பல வயதானவை, லிஃப்டும் கிடையாது. மண், மக்கிய சாணம், கருக்கிய நெல் உமி மூன்றையும் சம பங்காகக் கலந்தால் எடை இறங்கும், தண்ணீரும் தேங்காது. நெல் விளையும் நாட்டில் உமிக்கா பஞ்சம்? கனமான வாளிகளைச் சுவரோரமாக வையுங்கள். கிராதியின் மேல் எதையும் வைக்காதீர்கள், கீழே தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கீரைக்கு ஒரு சாண் ஆழம் போதும், மீன்கடையில் கழித்துப் போடும் தெர்மோகோல் பெட்டியில் அடியில் ஓட்டை போட்டால் அதுவே பாத்தி.

கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. அரிசி கழுவிய தண்ணீரையும் கீரை அலசிய தண்ணீரையும் செடிக்கென்று ஒரு வாளியில் சேர்த்துவிடுங்கள், கோடையில் அது பெரிய உதவி. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து நன்றாக நீர்த்து ஊற்றினால் கீரை கருகருவென்று வரும். நாறும் என்பதால் மூடி வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களோடும் நாம் வாழ வேண்டும் அல்லவா. மழைக்காலத்தில் சத்தெல்லாம் அடியில் வழிந்தோடிவிடும், அப்போது கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றுங்கள்.

கீழ் வீட்டுத் துணியில் சொட்டாமல் இருக்கத் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறோம். அந்தத் தட்டில் நிற்கும் தண்ணீர்தான் டெங்கு கொசுவுக்கு வீடு. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், முட்டையோ காய்ந்த தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். வாரம் ஒரு தடவை கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தட்டில் விளிம்புவரை மணல் நிரப்புங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இதில் சோம்பலே கூடாது.

பழம் வேண்டும் என்பவர்களுக்கு என் பதில் ஒரே ஒரு எலுமிச்சை. விதையில் வந்த கன்று காய்க்கப் பல வருஷம் ஆகும், பதியம் போட்ட கன்றாகக் கேட்டு வாங்குங்கள், இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும். பின்ஊல்வினிலிருந்து வரும் ஸ்ட்ராபெரியைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், அதுவும் குளிர் மலைச் சரக்கு. கறிவேப்பிலைக்கும் ஒரு தொட்டி ஒதுக்குங்கள். காய்ந்த விதை முளைக்காது, பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே ஊன்ற வேண்டும். முதல் வருஷம் வளர்ந்த மாதிரியே தெரியாது, அவசரப்பட்டு இலை பறிக்காதீர்கள்.

மழைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. காளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அப்படியே பக்கத்துத் தெயின்ஜி பஜாருக்குள் நுழைந்து புளிச்சக்கீரை விதை விசாரித்துவிட்டு வாருங்கள்.