கூடு இல்லாத ஸ்பீக்கரில் ஆல்கோ உறுமாது

மாதிரி ரயிலுக்காகப் பாம்பன் பாலத்தையே எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) செய்து முடித்தாலும், மேலே ஓடும் ஆல்கோ டீசல் எஞ்சினில் மோட்டார் முனகல் மட்டும் கேட்டால் மனசு நிறையாது. எஞ்சின் சத்தம் தரும் ஒலி டிகோடர் பலகை வாங்கப் பல ஆயிரம் வேண்டும். சாதாரண டிசி தண்டவாளம்தான் என்றால் டிஎஃப்பிளேயர் மினி என்ற எம்பி3 மாடியூல், 32 ஜிபிக்கு மிகாத மைக்ரோ எஸ்டி கார்டு, பழைய செல்போனில் கழற்றிய 8 ஓம் ஸ்பீக்கர், 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி, டிபி4056 சார்ஜர் போர்டு, காந்தம் அருகே வந்தால் இணையும் ஒரு ரீட் ஸ்விட்ச் போதும்.

மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுக்க வேண்டாம். வண்டி நின்றால் வோல்டேஜும் நின்றுவிடும். நின்றபடி உறுமுவதுதானே டீசல் எஞ்சினின் அழகு! நம் பக்கத்து உப்புக்காற்றில் தண்டவாளம் சீக்கிரம் கறுத்து, சத்தம் விட்டு விட்டு வரும்.

சார்ஜர் போர்டை வாங்கியபடியே மாட்டாதீர்கள். அதிலுள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் 1 ஆம்பியர் வரை விடும்; 300 எம்ஏஎச் பேட்டரி உப்பிப்போகும். அதை எடுத்துவிட்டு 4.7 கிலோ ஓம் வைத்தால் சுமார் 250 மில்லி ஆம்பியர்தான் போகும்.

ஸ்பீக்கரின் இரு வயரும் மாடியூலின் எஸ்பிகே1, எஸ்பிகே2 முனைகளுக்கே. ஒன்றைக் கிரவுண்டில் வைத்தால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும். ஹார்ன் அடிக்கும்போது மாடியூல் அணைந்து எழுந்தால், விசிசிக்கும் (பேட்டரியின் பிளஸ் வரும் முனை) கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஸ்பீக்கர் கூட்டில். தகட்டின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது கொசு ரீங்காரம். பழைய ஏடிஎம் கார்டை வெட்டி, 6 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு பெட்டி ஒட்டி, ஸ்பீக்கரின் முதுகை மூடுங்கள். வயர் நுழையும் ஓட்டையில்கூடக் காற்று கசியக் கூடாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மாடியூலும் இந்தப் பெட்டிக்கு ஈடாகாது.

அடுத்தது ஒலிக்கோப்பு. அகலப்பாதை ஆல்கோ பெரும்பாலும் 16 சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். ஐடிலில், அதாவது நின்றபடி உறுமும்போது, 400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 53 வெடிப்பு. அந்த அடித்தொனியை விரல்நகம் அளவு ஸ்பீக்கர் தராது, தர முயன்று கரகரக்கும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். மேல் தொனிகளை வைத்தே காது அடித்தொனியை நிரப்பிக்கொள்ளும். சத்தத்தையும் கோப்பிலேயே 6 டெசிபல் குறையுங்கள். மாடியூலின் முழுச் சத்தத்தை அரை வாட் ஸ்பீக்கர் தாங்காது. நீங்களே பதிவு செய்வதானால் கச்சான் காற்று வீசும் மாதங்களைத் தவிருங்கள், மைக்கில் காற்றுதான் விழும்.

இந்த மாடியூல் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் வாசிக்கும். ஹார்ன் தனிக் கோப்பானால், அது முடிந்ததும் எஞ்சின் ஊமையாகும். அதனால் முதல் கோப்பில் 10 நிமிட ஐடில். ஐந்தாவதில் தொடக்கத்திலேயே ஹார்ன், அதன் அடியில் ஐடில், அதே ஐடில் மேலும் 10 நிமிடம். நடுவில் மூன்று கோப்புகள் எதுவானாலும் சரி. கார்டை எஃப்ஏடி32-ல் ஃபார்மட் செய்து, 0001 முதல் 0005 வரை ஒவ்வொன்றாக அதே வரிசையில் ஏற்றுங்கள். மாடியூல் பெயரைப் பார்க்காது, ஏற்றிய வரிசையைத்தான் பார்க்கும்.

மாடியூலின் ஏடிகீ1 முனையை ஒரு பட்டன் வழியாகக் கிரவுண்டில் தொட்டால் முதல் கோப்பு. ஏடிகீ2-ஐ அப்படித் தொட்டால் ஐந்தாவது; அதில் பட்டனுக்குப் பதில் ரீட் ஸ்விட்ச்; பாலத்துக்கு முன்னால் தண்டவாளத்தின் நடுவே சின்னக் காந்தம் புதைத்தால், எஞ்சின் கடக்கும்போதெல்லாம் ஹார்ன். ரீட் ஸ்விட்சின் தொடுமுனைகள் கண்ணாடிக்குள் அடைபட்டவை, உப்பு அண்டாது. சால்டர் இணைப்புகள் அப்படியல்ல. ஃப்ளக்ஸ் பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கை பூசுங்கள், கார்டு சொருகும் இடத்தில் மட்டும் படாமல்.