மான் பிடித்த கதை

பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவில் இருக்கிற அண்ணை ஒருவர் போனில் சொன்னார்: "தம்பி, கிரிக்கெற் மட்ச் பற்றி ஏழுபேர் எழுதித் தந்திட்டினம். விடுதிச் சாப்பாடு பற்றி மூண்டுபேர். நீ வேற ஏதும் எழுது." நான் மட்டை பிடித்தவனுமல்ல, விடுதியில் இருந்தவனுமல்ல. கணினி அறையின் திறப்பை ஒன்றரை வருடம் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன். என்னிடம் கேட்டால் அந்தக் கதைதான் வரும்.

2005இல் நான் ஆண்டு 11. நூலகத்துக்குப் பின்னால் இருந்த கணினி அறையை அந்தக் காலத்துப் பெடியள் மறந்திருக்க மாட்டார்கள். பத்து மெசின், அதில் எட்டு எழும்பும். மவுசுக்குள் இருக்கிற ரப்பர் உருண்டையை யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். (அதை எடுத்தவர்களில் ஒருவர் இப்போது இந்தச் சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன்.) எல்லா மெசினிலும் விண்டோஸ் எக்ஸ்பி. அதைவிட வேறொன்று உலகத்தில் இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது.

கம்பஸில் படித்த மச்சான்தான் சொன்னான். விண்டோஸ் மாதிரி மெசினை இயக்குகிற லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவன் 1991இல் தொடங்கியது, யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். உபுண்டு என்ற பெயரில் அதைச் சீடியில் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் தபாற்செலவும் வாங்காமல் அனுப்புகிறார்கள். திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு நெட் கபேயில் இருந்து, கல்லூரி விலாசத்தைக் கொடுத்து விண்ணப்பம் நிரப்பினேன். ஆறு கிழமை ஒரு சத்தமுமில்லை. பிறகு ஒருநாள் அதிபர் கந்தோரில் இருந்து ஆள் வந்தது. மேசையில் வெளிநாட்டு முத்திரை குத்திய பொதி. பக்கத்தில் எங்கள் கணினி சேர்.

"காசு கட்டினியோ?"

"இல்லை சேர். சும்மா தாறாங்கள்."

"சும்மா தாறதெண்டால் ஆர் தாறது?"

"தென்னாபிரிக்காக்காரர் ஒருத்தர் சேர். மார்க் சட்டில்வேர்த். 2002இல விண்வெளிக்கும் போட்டு வந்தவர்."

சேர் அதிபரைப் பார்த்தார். "மேல போனவனுக்கு இஞ்ச எங்கட கஷ்டம் தெரிஞ்சிருக்குது" என்றார். அதிபருக்குச் சிரிப்பு வந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் பொதி என் கைக்கு வந்தது. பத்து உறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சீடி. ஒன்று மெசினில் பதிய, மற்றது பதியாமலே ஓட்டிப் பார்க்க.

அன்று பின்னேரமே மூன்றாவது மெசினில் பதிந்தேன். நீலத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கேள்விகள். பாதி விளங்கவில்லை, விளங்காததற்கெல்லாம் 'ஆம்' கொடுத்தேன். முக்கால் மணித்தியாலம் கழித்து மேளம் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு எங்கள் செம்பாட்டு மண் நிறத்தில் ஒரு திரை. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு வடிவாகத் தெரிந்த பொருள் வேறில்லை, மனைவி இதை வாசிப்பார் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

அடுத்த நாள்தான் தெரிந்தது, மூன்றாம் தவணைப் புள்ளிப்பட்டியல் இருந்தது அந்த மெசினில். சேர் "எடுத்துவிடு அதை" என்றார். எடுத்தேன். விண்டோசுக்குள் போய் லினக்ஸ் இருந்த பகுதியை அப்படியே அழித்தேன். மெசினை நிறுத்தித் திரும்பப் போட்டேன். கறுப்புத் திரை, 'கிரப்' என்ற பெயர், 'எரர் 22'. அவ்வளவுதான். லினக்சும் இல்லை, விண்டோசும் இல்லை. மெசின் எழும்பும்போது எதைத் தூக்குவது என்று சொல்லுகிற கிரப் தன் பாதிச் சாமானை லினக்ஸ் பகுதிக்குள்தான் வைத்திருந்தது. நான் வீட்டை இடித்துவிட்டு வாசற்காவலாளியை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன். அவன் நிற்கிறான், உள்ளே போக வழியில்லை.

அடி விழும் என்றுதான் நினைத்தேன். சேர் கதிரையை இழுத்துப் போட்டு, எரர் 22ஐ ஒரு நிமிசம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பில் இருந்த திறப்புக்கோர்வையில் இருந்து ஒன்றைக் கழற்றினார். "கெடுத்தவன் நீ. திருத்திறவனும் நீதான். ஆறு மணிவரைக்கும் இரு. பூட்டிப்போட்டுப் போ."

இரண்டு பின்னேரம் எடுத்தது. எக்ஸ்பி சீடியைப் போட்டு, அதில் திருத்துவதற்கென்று இருக்கிற கறுப்புத் திரைக்குள் போய், 'பிக்ஸ்எம்பிஆர்' என்று ஒரே ஒரு சொல் தட்டவேண்டும். விண்டோஸ் எழும்பியது, புள்ளிகளும் பத்திரமாக இருந்தன. என் கணிதப் புள்ளி மட்டும் அழிந்திருக்கலாம் என்று இப்போதும் நினைப்பதுண்டு. திறப்பைத் திருப்பிக் கேட்க சேர் மறந்துவிட்டார், அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டார்.

சேரை லினக்ஸ் பக்கம் இழுத்தது பாமினி. அவர் வினாத்தாள்களைப் பாமினி எழுத்துருவில் அடிப்பவர். உபுண்டுவில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. "உன்ர மெசினுக்குத் தமிழ் தெரியாது போல" என்றார். பாமினி என்பதே ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியதுதானே. எழுத்துருக் கோப்பைக் கொண்டுபோய் உரிய கோப்புறைக்குள் போட்டேன், வினாத்தாள் தமிழாகிவிட்டது. அன்றில் இருந்து மூன்றாவது மெசின் எனக்கு எழுதிவைத்த மாதிரி.

கனடாவில் இருந்த மாமா அனுப்பிய காசில் வீட்டுக்கும் ஒரு பழைய பென்ரியம் 3 வந்தது. அதில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டேன். உரிமப் பிரச்சினையால் எம்பி3 கேட்கிற வசதி அப்போது உபுண்டுவில் சேர்ந்து வராது, வலையில் இருந்து தனியாக இறக்கவேண்டும். வீட்டில் இன்ரநெற் இல்லை. ஆகவே நெட் கபேக்குப் போய், அந்தப் பொதியை 128 எம்பி பென் டிரைவில் போட்டு, கோண்டாவிலுக்குச் சைக்கிளில் வந்து பதிந்தால், "இன்னொன்று தேவை" என்று சொல்லும். அதன் பெயரைத் துண்டில் எழுதிக்கொண்டு திரும்பச் சந்திக்கு. வந்து பதிந்தால், இன்னுமொன்று. மூன்று நாள் ஓடினேன். மூன்றாம் நாள் பின்னேரம் பாட்டுக் கேட்டபோது, எந்தப் பாட்டு என்றே கவனிக்கவில்லை. அம்மா அடுப்படியில் இருந்து, "இதுக்கே உந்த ஓட்டம்? ரேடியோவப் போட்டால் கேக்கும்தானே" என்றா.

2006 ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலைச் சோதனைச்சாவடி பூட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தை வெளியோடு இணைத்த ஏ9 பாதை இல்லை. அந்த நாட்களைப் பற்றி இந்த மலரில் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சொல்ல இருப்பது சின்ன விசயம்: நெட் கபே இல்லாமற் போனது. ஊரடங்கு, கரண்ட் சில மணித்தியாலம், மற்ற நேரம் விளக்கு. கேட்க ஆளில்லை, தேட இடமில்லை.

லினக்சில் எந்தக் கட்டளைக்கு முன்னாலும் 'மான்' என்று தட்டினால் அதன் கைநூல் திரையில் விரியும். மனுவல் என்பதன் சுருக்கம். மற்ற ஊர்க்காரர் 'மேன்' என்பார்கள், வான், பான் என்று பழகிய எங்கள் வாயில் அது மான்தான். வலை தேவையில்லை, எல்லாம் மெசினுக்குள்ளேயே கிடக்கும். கரண்ட் இருக்கிற நேரத்தில் மெசினைப் போட்டு, ஒரு மானைத் திறந்து, சீஆர் கொப்பியில் அப்படியே பார்த்து எழுதுவேன். கரண்ட் போனபிறகு விளக்கு வெளிச்சத்தில் அதை வாசிப்பேன். அடுத்த நாள் கரண்ட் வந்ததும் முதல்நாள் வாசித்ததைச் செய்து பார்ப்பேன். 'டார்', 'பைண்ட்', 'டேட்' என்று கொப்பி நிறைந்துகொண்டு வந்தது. கூட்டாளிமார் வாசலில் நின்று, "அன்ரி, அவன் எங்க? மான் பிடிக்கவோ போட்டான்?" என்று கேட்பார்கள். அந்தக் கைநூல்களை எழுதியவர்கள் நயத்துக்காக எழுதியவர்களல்ல. வரண்ட எழுத்து. ஆனால் ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. நாலாம் தரம் வாசிக்கும்போதுதான் முதல் வரி விளங்கும்.

உயர்தரம் 2008இல். இசட் புள்ளி கம்பஸுக்குக் காணாது. அதோடு அந்தக் கதை முடிந்தது.

கொழும்பில், இணையத்தளங்களுக்கு இடம் வாடகைக்கு விடுகிற சின்ன நிறுவனம் ஒன்றில் இரவு வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர் பகலில் முறையிடும்போது எங்களுக்கு நடுச்சாமம். சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு சேர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டது. பெரிய பதிவுக் கோப்பு ஒன்றைக் கண்டேன், அழித்தேன், கெட்டிக்காரத்தனமாக "சரியாகிவிட்டது" என்று வாடிக்கையாளருக்கு எழுதினேன். டிஸ்க் இன்னும் நிறைந்தபடியே. கோப்புகளைக் கூட்டிப் பார்த்தால் இடம் இருக்கவேண்டும், டிஸ்க்கைக் கேட்டால் இல்லை என்கிறது. விடியப்புறம் நாலு மணிக்குத்தான் பிடிபட்டது. இணையப் பக்கங்களைப் பரிமாறுகிற அப்பாச்சி என்ற நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தது. பெயரைத்தான் நான் அழித்தேன், பிடித்திருக்கிறவன் விடும்வரை இடம் விடுபடாது. அப்பாச்சியை ஒருதரம் நிறுத்திப் போட்டதும் இடம் வந்தது.

2010இல் மாணவர் விசாவில் லண்டன். வகுப்பு இல்லாத நேரத்தில் பெற்றோல் செட்டில் வேலை, உங்களில் பாதிப்பேருக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. டொக்லண்ட்ஸ் பக்கம் ஒரு சேர்வர் நிறுவனத்தில் சனி இரவு வேலைக்கு ஆள் தேடினார்கள். நேர்முகத்தில் கேட்ட முதற் கேள்வி: "டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது, ஆனால் கோப்புகளின் கூட்டுத்தொகை குறைவாக இருக்கிறது. ஏன்?" நான் பதில் சொல்லவில்லை, கொழும்புக் கதையைச் சொன்னேன். வாடிக்கையாளருக்கு அவசரப்பட்டு எழுதியதையும் சேர்த்து. கேட்டவர் சிரித்தார். மாணவருக்குக் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், அது எனக்குப் போதும். பெற்றோல் செட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

2012 ஜூன் 30 சனிக்கிழமை. பூமி சுற்றுவது மிகமிகக் கொஞ்சம் பிந்துவதால், எப்போதாவது ஒருமுறை உலக நேரத்தில் ஒரு விநாடியைக் கூட்டுவார்கள். அன்றைக்குக் கூட்டினார்கள். லண்டனில் அப்போது ஞாயிறு விடியப்புறம் ஒரு மணி. தேத்தண்ணிக் கோப்பையோடு திரும்பி வந்தேன், சுவர்த்திரை முழுக்கச் சிவப்பு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், ஜாவா நிரல்கள் ஓடுகிற சேர்வர்களெல்லாம் நூறு வீதத்தில் மூச்சிரைக்கின்றன. கூட்டிய விநாடியில் லினக்சின் கருவான கேர்னலின் உள்மணிக்கூட்டுக் கணக்குப் பிசகிவிட்டது. கொஞ்சநேரம் நித்திரை கொள்ளப்போன நிரல்களெல்லாம் அடுத்த கணமே எழுப்பப்பட்டு, படுத்து, எழும்பி, படுத்து, எழும்பி. உலகம் முழுக்கப் பல இடத்தில் அந்த இரவு இதே கூத்து. இவ்வளவும் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் தெரிந்தது சிவப்பு மட்டும்.

மேலதிகாரியை எழுப்பினேன். பத்து நிமிசத்தில் அவர் திரும்ப எடுத்தார். "யாரோ ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சேர்வரின் திகதியை, இப்போது இருக்கிற அதே திகதியாக மாற்றிவிட வேண்டுமாம். கேட்க விசர்க்கதை மாதிரி இருக்கிறது. உனக்குச் செய்யத் தெரியுமா?"

டேட் மான். சீஆர் கொப்பியில் வலப்பக்கம். திகதியைத் திருத்துகிற குறி என்னவென்று தேடவேண்டி இருக்கவில்லை. முதற் சேர்வரில் தட்டினேன். சிவப்பு பச்சையாகியது. ஒரு சின்ன நிரல் எழுதி மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். தேத்தண்ணி அதற்குள் ஆறிவிட்டது.

படிப்பு முடிந்ததும் அதே நிறுவனம் முழுநேரமாக எடுத்து, விசாவுக்கும் பொறுப்பு நின்றது. 2013இல் ரெட் ஹட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் சோதனைகள் இரண்டையும் எழுதினேன், ஒன்று இரண்டரை மணித்தியாலம், மற்றது இரண்டு. எழுத்துச் சோதனை இல்லை, உண்மையான மெசினைத் தந்து திருத்து என்பார்கள். 300க்கு 210 எடுக்கவேண்டும். இன்ரநெற் கிடையாது, மான் பக்கங்கள் மட்டும் பார்க்கலாம். பக்கத்தில் இருந்தவர் வியர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது 2006ஆம் ஆண்டு, கரண்ட் போகாது என்ற ஒரு வித்தியாசத்தோடு.

பிறகு நடந்ததெல்லாம் பதவிப் பெயர்கள். இப்போது ஒன்பது பேர் கொண்ட குழுவைப் பார்க்கிறேன். நாலு கிழமைக்கு ஒருமுறை போன் தலையணைக்குக் கீழே. அது அடித்தால் மனைவி கண் திறக்காமலே, "உங்கட சேர்வர் அழுகுது, போய்த் தூக்குங்கோ" என்பார். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் பிழைச்செய்தி வந்ததும் அதை வாசிக்காமலே தேடுபொறியில் ஒட்டுகிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. சேர் செய்த மாதிரி, கதிரையை இழுத்துப் போட்டு ஒரு நிமிசம் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்சநேரத்தில் அவர்களும் பார்ப்பார்கள்.

சேர் ஓய்வுபெற்றுவிட்டார். போன மார்கழியில் ஊருக்குப் போனபோது கண்டேன். திறப்பைப் பற்றிக் கேட்டேன். "எந்தத் திறப்பு?" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

வீட்டில் சீஆர் கொப்பியைத் தேடினேன். அம்மா அடுப்படி அலுமாரிக்கு மேல் இருந்து எடுத்துத் தந்தா. வலப்பக்கமெல்லாம் என் கையெழுத்து. நான் வெறுமையாக விட்ட இடப்பக்கங்களில் அம்மாவின் கடைக் கணக்கு. டேட் மானுக்கு நேரெதிரே: பருப்பு கால் கிலோ, மண்ணெண்ணெய் ஒரு போத்தல், மெழுகுதிரி ஆறு.

"அது எழுதி முடிஞ்ச கொப்பி எண்டெல்லோ நினைச்சன்" என்றா.