யாருடைய எண் அது? – ஒரு ஆன்லைன் டியூஷன் அலுவலக நாட்குறிப்பு

மார்ச் 3

(வகுப்பு, பாடம், ஆள் எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். யாரும் யாரையும் தேட வேண்டாம்.)

மதியம் கணக்கு ஆசிரியை ஒருவர் கூப்பிட்டார். "அக்கா, அந்த எட்டாம் வகுப்புப் பையன் இன்னிக்கு மைக்கை ஆன் பண்ணவே இல்லை, எல்லாத்தையும் சாட்லயே தட்டினான். நடுவுல ஒரு தடவை மைக் திறந்துச்சு, பின்னாடி யாரோ கத்துறாங்க, உடனே மூடிட்டான். கடைசியில, மிஸ் இன்னும் 10 நிமிஷம் எடுக்கறீங்களான்னு கேட்டான்." பின்னம் என்றாலே ஓடுகிற பையன். அதுதான் அவருக்கு உறுத்தியிருக்கிறது.

என் கை நேராகப் பதிவேட்டைத் திறந்து வீட்டு எண்ணைத் தேடியது. 11 வருடப் பழக்கம். பிள்ளை வரவில்லையா, வீட்டுக்குப் போன், மார்க் குறைந்ததா, வீட்டுக்குப் போன். இருந்தது அப்பாவின் எண். அம்மாவின் எண் வர வேண்டிய கட்டம் காலி. போனை வைத்துவிட்டேன். கத்தியது அப்பாதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் "உங்க பையன் இன்னிக்கு பயந்த மாதிரி இருந்தான்" என்று நான் அக்கறையாகச் சொல்லிவிட்டால், ராத்திரி அந்த வீட்டில் அதற்குப் பதில் சொல்லப் போவது யார்?

கேட்டதைக் கேட்டபடி, நேரத்தோடு எழுதி, பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு இன்றே அனுப்பச் சொன்னேன். அந்தப் பொறுப்பாளரும் நான்தான். கூட்டத்தில் யாரும் கை தூக்காததால் என் தலையில் கட்டிய வேலை.

மார்ச் 4

எழுதினார். எங்கே என்பதுதான் கூத்து, வகுப்புக் குறிப்பில். அது இரவு 8 மணிக்குத் தானாகவே பெற்றோர் மின்னஞ்சலுக்குப் போய்விடும். 7.40-க்குக் கண்ணில் பட்டது, அழித்தேன், கை நடுங்கியது. அவர் மேல் தப்பில்லை, வேறு இடம் நாங்கள் காட்டிக்கொடுக்கவே இல்லையே.

அப்புறம் உட்கார்ந்து, வீட்டுக்கு நாங்கள் என்னவெல்லாம் அனுப்புகிறோம் என்று பார்த்தேன். ரசீது, வகுப்பு ரெக்கார்டிங், "இன்று வரவில்லை" செய்தி, நேரம் மாறினால் அதுவும். எல்லாம் ஒரே ஆளுக்கு, கட்டணம் கட்டுபவருக்கு. ஒரு வீட்டை மிரட்டி வைத்திருப்பவரின் கையில்தான் பெரும்பாலும் பணமும் இருக்கும் என்பதை நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.

மார்ச் 6

பையன் சாட்டில் கொஞ்சம் சொல்லியிருக்கிறான், அடுத்த வரியிலேயே "யார்கிட்டயும் சொல்லாதீங்க". சரி, சொல்லமாட்டேன் என்று ஆசிரியை வாக்குக் கொடுக்கவில்லை, நல்லவேளை. "உன் பாதுகாப்புக்காக ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும், யார்கிட்டன்னு உனக்கும் சொல்றேன்" என்றாராம். தோண்டித் துருவவும் இல்லை. "அப்பா அடிச்சாரா" என்று நாமே எடுத்துக்கொடுத்தால் பின்னால் விசாரிப்பவர்களுக்கு அது பிள்ளை சொன்னதா நாம் சொன்னதா என்றே தெரியாமல் போகும். கேமராவுக்கு வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் நமக்குத் தெரியாது. அன்றே குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் ஒருவர், "பையனை யாரும் தொடலையே, அம்மா அப்பா சண்டைதானே" என்றார். பிரிட்டனின் 2021 குடும்ப வன்முறைச் சட்டம், அதைப் பார்க்கிற, கேட்கிற பிள்ளையையும் பாதிக்கப்பட்டவராகவே எடுத்துக்கொள்கிறது என்று சொன்னேன். பேசாமல் இருந்தார். ஒப்புக்கொண்டாரா தெரியவில்லை.

மார்ச் 11

இன்று வேறு கதை. ஒரு ஆசிரியை ஒரே மாதத்தில் 5 வகுப்பை ரத்து செய்திருந்தார். ஆசிரியருக்கு நாங்கள் போடும் மதிப்பெண் இறங்க, மென்பொருள் தானாக அவருக்கு வகுப்புகளைக் குறைத்துவிட்டது. எச்சரிக்கைக் கடிதம் என் வரைவில் தயார். அனுப்பும் முன் ஏதோ தோன்றி, "எல்லாம் சரியா, எப்போ பேசலாம்" என்று மட்டும் கேட்டேன்.

பேசினார். கணவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாராம். வகுப்புக்கு முன்னால் இணையத்தைப் பிடுங்கிவிடுவாராம். சம்பளம் போகிற கணக்கும் அவர் பெயரில்தான். வீட்டிலிருந்து வேலை என்று நாங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்கிறோம், இவருக்கு ஆபீசும் அதே வீடு.

ஏன் இன்னும் அங்கே இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. பிரிந்து போகும் நேரம்தான் ஆபத்து கூடுகிற நேரம். கேட்டது மூன்றுதான்: எந்த எண்ணில், எந்த நேரத்தில், கூட ஆள் இருந்தால் என்ன வார்த்தை. அந்த வார்த்தையை இங்கே எழுதமாட்டேன்.

மார்ச் 12

மேலாளர்: "அது குடும்ப விஷயம், நாம எப்படி?" சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கை, 2019-இல் வந்தது, குடும்ப வன்முறை வேலையைப் பாதிக்கும், அந்தப் பாதிப்பைக் குறைக்கப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. நியூசிலாந்தில் 2019 முதல் இதற்கென்றே வருடத்துக்கு 10 நாள் சம்பள விடுப்பு. எல்லாம் காட்டினேன். "நம்மவங்க மணிக்கணக்குக்கு எடுக்கறவங்க, விடுப்பே கிடையாது" என்றார். அது உண்மைதான், அதனால்தான் கோபம் வந்தது.

கடைசியில் ரத்தான 5 வகுப்புக்கும் பணம், மதிப்பெண் திரும்ப ஏற்றம், கணக்கு எண் மாற்றம். மாற்றியதாக உறுதி மின்னஞ்சல் பழைய முகவரிக்குப் போகாமல் நிறுத்த மட்டும் ஒரு மணி நேரம் ஆனது.

இன்னொன்றும் ஓடுகிறது தலையில். கத்துகிறவர் எங்கள் ஆசிரியர்களில் ஒருவராகவே இருந்தால்? எங்கள் விதிகளில் அதற்கு ஒரு வரி இல்லை.

மார்ச் 17

ஒரு மாணவியின் பெயரைச் சொல்லி ஒருவர் போன், ரொம்ப மரியாதையாக. "நான் அவ அப்பாதான், வகுப்பு நேரம் மட்டும் சொல்லுங்க போதும்." புதிதாகச் சேர்ந்த பெண் சொல்லப் போனாள், கையைக் காட்டி நிறுத்தினேன். அந்தப் பெயரில் யாராவது இங்கே படிக்கிறார்களா என்பதையே சொல்ல மாட்டோம் என்றதும் மரியாதை போய்விட்டது. பிள்ளையைப் பார்க்க ஏங்குகிற சாதாரண அப்பாவாகவும் இருக்கலாம். சாயங்காலம் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மார்ச் 20

பையன் இரண்டு வகுப்பாக வரவில்லை. "இன்று வரவில்லை" செய்தியை அவன் பெயருக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம். துறையில் கேட்டேன், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள், அதற்கு மேல் எங்களிடம் சொல்ல அவர்களுக்குக் கடமையும் இல்லை. அந்த நேரத்தை வேறு மாணவருக்குக் கொடுக்கட்டுமா என்று கணக்கு ஆசிரியையிடம் கேட்டேன். வேண்டாம் அக்கா என்றார். இன்றும் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு 45 நிமிடம் தனியாக உட்கார்ந்திருந்தார், அதன் பிறகு இன்னும் 10 நிமிடம்.