பிபி பார்ப்பது லேசான வேலை இல்லை

கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலை என்றால் டோக்கன் கொடுப்பது, பேர் கூப்பிடுவது, கதவைத் திறந்துவிடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் டாக்டர் மேஜையில் இருக்கிற சீட்டில் எடை, காய்ச்சல், பிபி என்று எழுதியிருப்பதெல்லாம் நாங்கள் பார்த்து எழுதியது, அதை வைத்துத்தான் அவர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும்.

பிபியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்க மாடியேறி வந்தவரை அப்படியே உட்காரவைத்துக் கையில் பிபி பட்டையைச் சுற்றினால் கூடுதலாகத்தான் காட்டும். 5 நிமிடமாவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், அளக்கும்போது பேசவும் கூடாது. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, சிகரெட் ஆகாது. சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். பருமனான கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிபியை இருப்பதாகக் காட்டிவிடும். வெளியே கூட்டம் நிற்கும்போது அந்த 5 நிமிடத்தைக் கொடுப்பதுதான் பெரும்பாடு. என் கட்சி, கூட்டம் காத்திருக்கட்டும்.

அப்புறம் மாத்திரை விவரம். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் டாக்டர் எழுதிக்கொடுத்ததை மட்டும் சொல்வார்கள். மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடுகிற வலி மாத்திரையை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. இபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகள் பிபியை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அதனால் நான் "வேற என்ன மாத்திரை?" என்று கேட்பதில்லை, "வலி வந்தா என்ன போடுவீங்க?" என்றுதான் கேட்பேன். உடனே பதில் வரும். எந்த மருந்தாவது ஒத்துக்காமல் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்ததா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிட வேண்டும்.

தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, குத்தி முடித்த ஊசிகளைப் போடுகிற டப்பா முக்கால் பாகம் நிறைந்ததும் அதை மூடிவிட்டு வேறு டப்பா வைப்பது, இதெல்லாம் யார் கண்ணிலும் படாத வேலைகள்.

செய்யக் கூடாததும் இருக்கிறது. "இந்த மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று வராந்தாவில் நிறுத்திக் கேட்பார்கள். பதில் நமக்கே தெரிந்த மாதிரி இருக்கும், இருந்தாலும் டாக்டரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி, வியர்வை என்று ஒருவர் வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல், டோக்கன் வரிசையைப் பார்க்காமல் நேராக உள்ளே அழைத்துப் போய்விடுவேன், முணுமுணுப்பவர்களை அப்புறம் சமாதானம் செய்துகொள்ளலாம்.